என்சிசி பரேடுக்கு முந்தின நாள் ராத்திரி: காக்கியைத் தயார் செய்வது எப்படி

கல்லூரியில் சேர்ந்து, தேசிய மாணவர் படையான என்சிசிக்குப் பெயர் கொடுத்து, ஓட்டம், உயரம், மருத்துவச் சோதனை எல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் ஸ்டோருக்குக் கூப்பிட்டு ஒரு மூட்டைக் காக்கியைக் கையில் கொடுப்பார்கள். சட்டைக்குள் இரண்டு ஆள் நுழையலாம், பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும், பூட் ஒரு சைஸ் பெரிசு, பெரட் தொப்பியை விரித்துப் பார்த்தால் ஊத்தப்பம் மாதிரி இருக்கும். இதையெல்லாம் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மைதானத்தில், டர்ன் அவுட், அதாவது உடையும் தோற்றமும், சரியில்லை என்று யாரும் சொல்லாதபடி நிற்க வேண்டும். அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் முதல் இன்ஸ்பெக்‌ஷனில் முன்பக்கம் எல்லாம் பளபள. பக்கிள் மின்னுகிறது, பூட் நுனியில் வானம் தெரிகிறது. பயிற்சி கொடுக்கும் ராணுவக்காரரான உஸ்தாத் ஒன்றும் சொல்லாமல் பின்னால் போனார். பின்னால் குதிகாலில் முந்தின வாரத்துச் சேறு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. அப்புறம் என்ன, மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஃப்ரன்ட் ரோல், மூன்று மணி நேரம் இஸ்திரி போட்ட காக்கியோடு. அதிலிருந்து ஜூனியர் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: முன்னால் நிற்கிறவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார், துணியைப் பார்ப்பது பின்னால் போனபிறகு. அதனால் எந்த வேலையையும் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

நான் சொல்வது கல்லூரிப் பையன்களின் சீனியர் டிவிஷன், அதிலும் ஆர்மி விங் காக்கியைப் பற்றி. யூனிட்டுக்கு யூனிட் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், சட்டைக் கையின் மடிப்பு எத்தனை விரல் அகலம், தோளில் மாட்டும் பின்னல் கயிறான லேன்யார்ட் யாருக்கு, பூட்டுக்கு மேல் கணுக்காலில் கட்டும் ஆங்க்லெட் உண்டா இல்லையா என்பதெல்லாம். அதைக் கல்லூரியில் என்சிசியைக் கவனிக்கும் ஆசிரியரான ஏஎன்ஓவிடமோ உஸ்தாத்திடமோ முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் ஊசி நூலைக் கையில் எடுக்க வேண்டும். சீனியர் சொன்னான் என்று தைத்துவிட்டு ராத்திரி பிரித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இந்தக் காக்கிக்கு ஒரு வயசு இருக்கிறது, அதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று ஒரு படைப்பிரிவு தொடங்கினார்கள். 1920இல் அது யூனிவர்சிட்டி டிரெய்னிங் கோர் ஆனது, 1942இல் இன்னொரு தடவை பெயர் மாறியது. 1946இல் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1948இல் சட்டம் போட்டு என்சிசி வந்தது. பழைய மாணவர் படை ராணுவத்தின் உடையைத்தான் ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தது, நாமும் அதன் தொடர்ச்சியாகத்தான் காக்கி போடுகிறோம். சீனாவுடன் போர் முடிந்த கையோடு 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்சிசியைக் கட்டாயமாக்கி 1968இல் விருப்பப் பாடமாக மாற்றினார்கள். அதனால்தான் அந்தக் காலத்தில் கல்லூரி போன தாத்தா எவரைக் கேட்டாலும் ஒரு காக்கிக் கதை வைத்திருப்பார். காக்கி என்ற சொல்லே மண், புழுதி என்று பொருள்படும் உருது, பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான். புழுதி நிறத்தில் துணி போட்டுக்கொண்டு அதில் ஒரு பொட்டுப் புழுதி இருக்கக்கூடாது என்பார்கள், அது தனி வேடிக்கை.

சரி, வேலைக்கு வருவோம்.

அளவும் தையலும்

இப்போது சீருடைக்கான பணத்தைக் கேடட்டின் வங்கிக் கணக்கிலேயே போடும் முறை வந்திருக்கிறது. அப்படி நீங்களே துணி எடுத்துத் தைப்பதாக இருந்தால் ஒரே ஒரு விஷயம்: ஆளாளுக்கு ஒரு கடையில் எடுக்காதீர்கள். காக்கியில் பச்சை சாய்ந்தது, மஞ்சள் சாய்ந்தது, போலீஸ் காக்கி என்று எத்தனையோ சாயல் உண்டு, தனியாகப் பார்த்தால் தெரியாது, முப்பது பேர் வரிசையில் நின்றால் ஒட்டுப் போட்ட சாக்கு மாதிரி தெரியும். பிளாட்டூனுக்கே சேர்த்து ஒரே துணிச் சுருளில் கிழித்து வாங்குங்கள், விலையும் குறையும்.

ஸ்டோரில் கொடுத்ததுதான் என்றால் டெய்லரிடம் கொண்டுபோய்ப் பிடித்துவிடச் சொல்லுங்கள். ஆனால் சினிமா போலீஸ் மாதிரி உடம்போடு ஒட்டப் பிடிக்கச் சொல்லாதீர்கள். கையைத் தோள் உயரத்துக்கு வீசி நடக்க வேண்டும், தரையில் உட்கார வேண்டும், துப்பாக்கி தூக்க வேண்டும். அக்குளில் ஒரு கைப்பிடி இடம் இருக்கட்டும். பேன்ட்டில் மடித்துத் தைத்த துணியை வெட்டிவிடாமல் உள்ளேயே விடச் சொல்லுங்கள், மூன்று வருஷத்தில் நீங்கள் வளர்வீர்கள், இல்லாவிட்டால் அடுத்து வரும் ஜூனியர் உங்களைவிட உயரமாக இருப்பான்.

நேம் பிளேட் வலது பாக்கெட்டுக்கு நேர் மேலே. கண்ணளவில் வைத்தால் சாயும். பாக்கெட் மூடியின் விளிம்பில் ஒரு ஸ்கேலை வைத்து, அதற்கு இணையாகக் குத்துங்கள். சட்டை போட்டபிறகு குத்தவே கூடாது, மூச்சு விட்டால்கூட இடம் மாறும்.

கஞ்சியும் இஸ்திரியும்

டெரிகாட்டன் காக்கி என்றால் லேசான கஞ்சி, முழுப் பருத்தி என்றால் கெட்டி. விடுதியில் இருப்பவர்கள் கடையில் விற்கும் கஞ்சிப் பவுடரை வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் கொஞ்சம் கம்மியாகவே போடுங்கள். வீட்டில் இருந்தால் ஜவ்வரிசிக் கஞ்சிக்கு ஈடில்லை. ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை ஊறவைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கலக்குங்கள். வடிகஞ்சியும் ஆகும், உப்புப் போடாத சோற்றில் வடித்ததாக இருக்க வேண்டும். நான் ஒருமுறை வடிகட்டச் சோம்பல்பட்டு அப்படியே முக்கிவிட்டேன், காய்ந்தபிறகு முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு, பொடுகு உதிர்ந்தவன் மாதிரி. சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி முக்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும். நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் காக்கி ஒரே வருஷத்தில் வெளுத்துவிடும்.

முழுக்கக் காய்ந்து அப்பளமாக நிற்கும் துணியை அப்படியே தேய்த்தால் மடிப்பு விழாது. தண்ணீர் தெளித்து, பாய் மாதிரி சுருட்டி அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பெட்டியைச் சூடு பண்ணுங்கள். காலர், தோள்பட்டி, கை, பாக்கெட், முதுகு என்ற வரிசையில் போனால் தேய்த்த இடம் திரும்பக் கசங்காது. கையில் ஒரே ஒரு மடிப்பு, தோள்பட்டியின் நடுவிலிருந்து கத்தி மாதிரி கீழே இறங்க வேண்டும். டெரிகாட்டனை நேராகத் தேய்த்தால் வழுக்கைத் தலை மாதிரி மினுமினுப்பு வரும், அது போகவே போகாது, மேலே ஒரு ஈரத் துணியைப் போட்டுத் தேய்க்கவும்.

பேன்ட்டில் இரண்டு கோடு விழுவதுதான் எல்லோருக்கும் வருகிற பிரச்சினை. போன வாரத்துக் கோடு ஒன்று, இந்த வாரத்துக் கோடு இன்னொன்று. காலை உதறி, உள்தையலையும் வெளித்தையலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படுக்கப் போட்டால் கோடு தானாகவே சரியான இடத்தில் நிற்கும். அப்புறம் பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, கோடு விழுகிற இடத்தில் காய்ந்த சோப்புக் கட்டியால் ஒரு இழு இழுங்கள், திரும்ப வெளிப்பக்கமாக்கி அழுத்தித் தேயுங்கள். சூட்டில் சோப்பு இளகித் துணியைப் பிடித்துக்கொள்ளும், மதியம்வரை கோடு நிற்கும். மழையில் நனைந்தால் மட்டும் முழங்காலில் நுரை வரும், அதற்கு நான் பொறுப்பில்லை. பின்பக்கக் கோடு முன்பக்கக் கோட்டைவிட முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

இஸ்திரிக் கடையில் கொடுத்துவிடலாமா என்று கேட்டால், கொடுக்கலாம், கரிப்பெட்டியின் கனத்துக்கு நம் மின்பெட்டி ஈடாகாது. ஆனால் கஞ்சியை நீங்களே போட்டுக் கொடுங்கள், கை மடிப்பு எப்படி என்று ஒருமுறை பக்கத்தில் நின்று காட்டுங்கள். இல்லாவிட்டால் கல்யாணச் சட்டை மாதிரி நான்காக மடித்து, நெஞ்சில் சிலுவைக் கோட்டோடு திரும்பி வரும்.

பெரட்: இதற்குத்தான் பொறுமை

மற்றதெல்லாம் வாராவாரம் செய்கிற வேலை, பெரட்டைச் சரியாக வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் இதைச் செய்யாமலேயே என்சிசியின் கடைசித் தேர்வான சி சர்டிஃபிகேட் வரை போய்விடுகிறார்கள், குரூப் ஃபோட்டோவில் பார்த்தால் தலையில் பச்சைக் காளான் முளைத்த மாதிரி இருக்கும்.

புதுப் பெரட் கம்பளி, அதில் மெல்லிய மயிர் நிறைய இருக்கும். முதலில் புது ரேசரால், ஒரே திசையில், அழுத்தாமல் மேலாக மழியுங்கள், அழுத்தினால் ஓட்டை விழும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குங்கள், கை பொறுக்காத சூட்டில் முக்கினால் கம்பளி சுருங்கிக் குழந்தைத் தொப்பி ஆகிவிடும். உள்ளே சுற்றியிருக்கும் பட்டை நனையாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. நனைந்ததைப் பிழியாமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்கித் தண்ணீரை எடுங்கள், முறுக்கினால் போச்சு.

ஈரத்தோடு தலையில் வையுங்கள். பட்டை நெற்றியில் நேராக, புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும், பின்னால் சரியக்கூடாது. பேட்ஜ் வரும் இடம் இடது கண்ணுக்கு நேர் மேலே. அங்கே துணியை நிமிர்த்திவிட்டு, மீதியை வலது காதுப் பக்கமாக இழுத்துப் படியப் படிய அமுக்கிக்கொண்டே இருங்கள். அப்படியே அரை மணி நேரம், ஒரு மணி நேரம் தலையிலேயே இருக்கட்டும், விடுதியில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாதி காய்ந்ததும் உங்கள் தலை அளவுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கையோ சின்னக் குடத்தையோ கவிழ்த்துவைத்து, அதே வடிவத்தில் அதன்மேல் போட்டு ராத்திரி முழுக்கக் காய விடுங்கள். ஒரு தடவையில் படியாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு தடவை. பின்னால் தொங்கும் நாடாவை இழுத்து, முடிச்சுப் போட்டு, பட்டைக்குள் செருகிவிட வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனில் பின்னால் போகிறவர் முதலில் பார்ப்பது அந்த நாடாவைத்தான்.

ஹாக்கிள் என்கிற அந்தச் சிவப்பு இறகுக் கொத்து பேட்ஜுக்குப் பின்னால் நேராக நிற்க வேண்டும், காற்றுக்குச் சாய்ந்த தென்னை மாதிரி இல்லை. உள்பக்கம் ஒரு சின்ன அட்டைத் துண்டை வைத்துக் குத்தினால் ஆடாது. இதை நனையவே விடாதீர்கள். ஒரு சுதந்திர தின ஒத்திகையில் தூறலில் நின்றேன், சிவப்புச் சாயம் இறங்கி நெற்றியில் வழிந்து, அடிபட்டுவிட்டது என்று நினைத்து முதலுதவிப் பெட்டியோடு ஒருவன் ஓடிவந்தான். பரேடு முடிந்ததும் ஹாக்கிளைக் கழற்றி, கெட்டி அட்டையைக் குழாயாகச் சுருட்டி அதற்குள் வைத்துவிடுவதுதான் வழக்கம். கசங்கிப்போன இறகுகளைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் தூரமாக ஒரு நொடி காட்டினால் மறுபடி விரியும்.

பித்தளையும் பெல்ட்டும்

பேட்ஜில் நடுவே என்சிசி எழுத்து, சுற்றிலும் தாமரைகள். என்சிசி சின்னத்தில் மொத்தம் 17 தாமரை, நாட்டிலுள்ள 17 டைரக்டரேட்டுகளுக்காக, அதாவது என்சிசியின் நிர்வாகப் பிரிவுகளுக்காக. நம் டைரக்டரேட் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. பொது அறிவுக்காக இதைச் சொல்லவில்லை. பிராசோ என்கிற பித்தளை பாலிஷைப் போட்டுத் துடைத்தபிறகு அதன் வெள்ளைப் பொடி போய் ஒளிந்துகொள்வது இந்தத் தாமரை இதழ்களுக்குள்தான். பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி எடுக்காவிட்டால் பேட்ஜ் பூஞ்சை பிடித்த மாதிரி இருக்கும். பிராசோ இல்லையென்றால் குத்துவிளக்கு விளக்குகிற முறைதான், புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, கடைசியில் விபூதியைத் தொட்டு மென்துணியால் தேய்த்தால் வரும் பளபளப்பு தனி. ஆனால் இப்போது வரும் பேட்ஜ்கள் பல மேல்பூச்சு மட்டும்தான், பின்பக்கம் ஒரு ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள், நிறம் உரிந்தால் ஈரத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெல்ட் பித்தளையைப் பெல்ட்டில் வைத்துக்கொண்டே தேய்க்காதீர்கள். பிராசோ பட்ட பட்டை கறுத்துவிடும், துவைத்தாலும் போகாது. கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள், கழற்ற முடியாததற்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு பிளவு வெட்டி அடியில் செருகிக்கொண்டு தேயுங்கள். பெல்ட்டைப் போடும்போது சட்டையின் பட்டன் பட்டி, பக்கிள், பேன்ட் ஜிப் மூடி, மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இறுக்கம் எவ்வளவு என்றால் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் கஷ்டப்பட்டு நுழைய வேண்டும்.

பூட்

புது பூட்டைப் போட்டுக்கொண்டு நேராகப் பரேடுக்குப் போகிறவன் மறுநாள் நொண்டுவான். ஒரு வாரம் சாயங்காலம் விடுதி வராந்தாவில் தடித்த சாக்ஸோடு போட்டு நடந்து, குதிகால் உரசும் இடத்தில் உள்பக்கம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பழக்குங்கள்.

பாலிஷுக்கு வருவோம். லேஸைக் கழற்றுங்கள், கழற்றாமல் பாலிஷ் போட்டால் நாக்குப் பகுதி சாம்பல் பூத்தே இருக்கும். அடிப்பாகமும் தோலும் சேரும் விளிம்பில் ஒட்டிய மண்ணை டூத்பிரஷ்ஷால் சுரண்டுங்கள். பிரஷ்ஷால் மொத்தமாக ஒரு பூச்சு, கால் மணி நேரம் ஊறவிட்டு ஒரு துடைப்பு. இது வாராவார வேலை. கண்ணாடி மாதிரி வேண்டும் என்றால் பழைய பனியன் துணியை இரண்டு விரலில் சுருக்கமில்லாமல் இறுக்கிச் சுற்றி, லேசாக நனைத்து, பாலிஷைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, நுனியில் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். மங்கலாகத் தெரியும். டப்பா மூடியில் வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு சொட்டுத் தொட்டு மறுபடி வட்டம். தெளியும். மறுபடி கொஞ்சம் பாலிஷ், மறுபடி ஒரு சொட்டு. முதல் தடவை இரண்டு மூன்று ராத்திரி ஆகும், ரேடியோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அடித்தளம் ஒருமுறை உருவாகிவிட்டால் அப்புறம் பத்து நிமிஷ வேலை.

இந்தக் கண்ணாடி நுனியிலும் குதிகாலிலும் மட்டும். விரல் மடங்குகிற இடத்தில் போட்டால் வேகமாக நடக்கச் சொல்லும் முதல் தேஸ் சல் கட்டளையிலேயே உடைந்து செதில் செதிலாக வரும். மெழுகுவத்தியில் காட்டி உருக்குவது, பாட்டிலில் வரும் திரவப் பாலிஷ் பூசுவது எல்லாம் குறுக்கு வழி, இரண்டு பரேடுக்குப் பிறகு தோல் வெடித்துவிடும். லேஸ் பெருக்கல் குறியாக இல்லாமல் ஏணிப்படி மாதிரி குறுக்கே நேர்நேராக வர வேண்டும், முனையை உள்ளே செருகிவிடுங்கள். ஆங்க்லெட் கட்டுகிற யூனிட் என்றால் பட்டைகள் வெளிப்பக்கம், வால் பின்னோக்கி. அதன்மேல் பேன்ட் சீராக மடிந்து விழ, பழைய சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி உள்ளே போட்டுக்கொள்வது எங்கள் செட்டில் எல்லோரும் செய்த வேலை.

காலையில்

ஷேவ் கண்டிப்பாக, முந்தின நாள் செய்தது கணக்கில் வராது. முடியை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள், பிடரியில் ரேசர் பட்ட இடம் வெள்ளையாகத் தெரியாது. மோதிரம், செயின் வேண்டாம். கையில் கட்டிய சாமிக்கயிறுக்குத்தான் வருஷாவருஷம் வாக்குவாதம் நடக்கும், முழுக்கை இல்லை, மறைக்க முடியாது, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சட்டையை உள்ளே விட்டதும் இரண்டு பக்கமும் மிச்சமிருக்கும் துணியைப் பிடித்து, பக்கத் தையலிலிருந்து பின்பக்கமாக மடித்துப் பெல்ட்டுக்குள் அமுக்குங்கள். முதுகு பலூனாக உப்பாது. போட்டபிறகு உட்காராதீர்கள். பேருந்தில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வந்தவர்கள்தான் நாங்கள், நடத்துநர் கேட்டால் பரேடு என்று சொன்னால் அவருக்கே புரியும். மைதானத்துக்கு வந்ததும் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிட்டு உங்கள் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் அவனுடையதைப் பாருங்கள். சட்டைப் பின்மடிப்பு, பெரட் நாடா, பேன்ட் பின்கோடு, குதிகால். ஒரு நிமிஷம் ஆகாது. கைக்குட்டையால் பூட்டைக் கடைசியாக ஒருமுறை துடைத்து, அந்தக் கைக்குட்டையை இன்னொருவனிடம் கொடுங்கள், பாக்கெட் புடைத்திருந்தால் அதற்கும் சேர்த்து வாங்குவீர்கள்.

சீனியர் விங் பெண்களுக்கு வேலை ஒன்று கூடுதல். முடி காலரைத் தொடாதபடி கொண்டை, கறுப்பு வலை, கறுப்பு ஹேர்பின், பூ கிடையாது. கொண்டையை உச்சியில் போட்டால் பெரட் உட்காராது, பிடரிக்குச் சற்று மேலே போட்டுவிட்டு அப்புறம் பெரட்டை வடிவத்துக்குக் கொண்டுவருவது நல்லது, கொண்டை இல்லாமல் படிய வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டையோடு போட்டால் அது வேறு தலை. நேவல் விங் வெள்ளை போடுகிறவர்கள் மேலே சொன்ன எதையும்விட நீலம் போடுவதில் கவனமாக இருங்கள், ஒரு சொட்டு அதிகமானால் திட்டுத் திட்டாக நிற்கும்.

பரேடு முடிந்து பூரியோ பொங்கலோ வரும். எல்லோரும் அதற்காகத்தான் வந்தோம் என்று ஒளிக்காமல் சொல்லலாம். பெரட்டைக் கழற்றித் தோள்பட்டிக்குள் செருகாதீர்கள், வடிவம் போய்விடும். சாம்பார் சட்டையில் விழுந்தால் உடனே வெறும் தண்ணீரில் அலசுங்கள், கஞ்சி போட்ட துணியில் மஞ்சள் காய்ந்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரை நிற்கும். மூன்றாம் வருஷக் கடைசியில் ஸ்டோரில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்போது பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், முக்கியமாக ஆங்க்லெட்டுக்கு, அதில்தான் எப்போதும் ஒரு கால் காணாமல் போகும்.